கழிவெண்ணெயிற் குளிர் காய்ந்த கதை

நிழலை நாடி வாழும் நம் நாட்டவர்க்கு, நெருப்பு வளர்த்தாலன்றிப் பட்டறை வேலை நடவாத ஊர்களும் உலகிலுண்டென்பது எளிதில் விளங்காது. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் யான் வசித்த காலத்தில், அண்டை வீட்டு முதியவரின் மோட்டார்ப் பட்டறைக்குச் சனிக்கிழமைதோறும் உதவியாகச் செல்வது வழக்கம். ஜனவரி மாதத்தில் அங்கே வாளித் தண்ணீர் கல்லாய் உறையும். இரும்புக் கருவியை வெறுங்கையாற் பற்றினால் விரல்கள் மரத்துப்போகும்.

அப்பட்டறையின் மூலையில் கறுத்த எஞ்சின் எண்ணெய் நிரம்பிய பீப்பாய்கள் நின்றன. ஒரு காருக்கு எண்ணெய் மாற்றினால் 4 அல்லது 5 லிட்டர் பழைய எண்ணெய் சேரும். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 10 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான உஷ்ணம் அடங்கியுள்ளது. இச்செல்வம் வீணாவதேன் என்றெண்ணி, கடையில் விற்கும் அடுப்பின் விலைக்கஞ்சி, பழைய இரும்புருளையொன்றை அறுத்து யானே அடுப்பொன்று சமைத்தேன். எஞ்சின் எண்ணெய் தீக்குச்சிக்கு இணங்குவதன்று. அதன் ஆவி பற்றுவதற்கே 200 டிகிரி செல்ஷியஸ் அளவு சூடு வேண்டும். ஆதலின் முதலில் விறகிட்டு அடித்தட்டைச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் எண்ணெயைத் துளித்துளியாய் விழச் செய்தேன். அடுப்பு முழங்கி எரிந்தது. முதியவர் தம் கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்தார். அன்று யான் கொண்ட பெருமைக்கு அளவில்லை.

மூன்றாம் வாரம் அப்பெருமை அழிந்தது. பழுதுற்ற எஞ்சினொன்றிலிருந்து வடித்த எண்ணெயை யாதும் ஆராயாமல் அடுப்பின் தொட்டியில் ஊற்றினேன். அதில் ரேடியேட்டர் நீர் கலந்திருந்தது. எண்ணெயினும் கனமான நீர் அடியில் தங்கி முதலில் இறங்கிற்று. செந்தட்டில் வீழ்ந்த கணத்தே நீராவியாய் விரிந்து, எரியும் எண்ணெயை வெளியே வாரியிறைத்தது. என் சட்டைக் கையில் தீப்பற்றிற்று. முதியவர் கம்பளத்தாற் போர்த்தி அதனை அணைத்தார். எண்ணெய்க் குழாயின் திருகையும் மூடினார்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வெளியே அழைத்துச் சென்று, வெண்பனியின்மேற் படிந்திருந்த கரியைச் சுட்டிக் காட்டினார். குறையாய் எரிந்த எண்ணெயின் புகை காற்றோடு சென்று படிந்த தோட்டம் என்னுடையதே. என் சிறுமகள் நாள்தோறும் விளையாடியது அப்பனியிலேதான். தேய்ந்த எஞ்சினின் உலோகத்துகள்கள் அவ்வெண்ணெயிற் கலந்திருக்குமென்பதை யான் அறியாதவனல்லன், அறிந்தும் நினையாதிருந்தேன். தீப்புண் ஆறிற்று, அக்காட்சி மறையவில்லை.

மறுவாரமே அவ்வடுப்பைப் பிரித்தோம். 1992ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் வகுத்த விதிகளின்படி, தன் பட்டறையிற் சேர்ந்த எண்ணெயையும், வீட்டார் தாமே மாற்றிக் கொணரும் எண்ணெயையும் ஒருவர் எரித்துக் குளிர் காயலாம். அடுப்பின் ஆற்றல் மணிக்கு 5,00,000 பி.டி.யு.வுக்கு மேற்படலாகாது, புகை கட்டிடத்திற்கு வெளியே செல்லுதல் வேண்டும். அடுத்த குளிர்காலத்திற்குள் முதியவர் முறையான அடுப்பொன்றை வாங்கினார். அது எண்ணெயைச் சூடாக்கி, அழுத்தக் காற்றால் நுண்துளிகளாய்ச் சிதறச் செய்து, மூடிய அறையில் முழுதும் எரிக்கும். அவ்வறையைச் சுற்றிச் சூடேறிய காற்றை மட்டுமே விசிறி பட்டறைக்குள் செலுத்தும். சாம்பலைத் தவறாது அகற்றும் வேலை என்னுடையதாயிற்று. நீரோ துப்புரவுத் திரவமோ கலந்த எண்ணெய்க்குத் தனிப் பீப்பாய் வைத்தோம். அது ஒருபோதும் தீயை அணுகியதில்லை.

மிஞ்சிய நல்லெண்ணெயைச் சுத்திகரிப்போர்க்கு அளித்தோம். எண்ணெய் அழுக்கடையுமேயன்றித் தேய்ந்தொழிவதில்லை. ஒரு காலன் பழைய எண்ணெயிலிருந்து மீளும் மசகெண்ணெயைக் கச்சா எண்ணெயிலிருந்து பெறுவதற்கு 42 காலன் வேண்டுமாம்.

பத்துக் கன்னிகைகளின் உவமையை நம் கல்லூரிக் கோயிலிற் பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கே எண்ணெய் இருந்ததா இல்லையா என்பதே வினா. எங்கள் பட்டறையிலோ, எண்ணெயோடு வேறென்ன இருந்தது, அதன் புகை யார் வீட்டிற் படிந்தது என்பவையே வினாக்கள். விலையின்றி வந்ததென்று யான் மகிழ்ந்த வெப்பத்திற்கும் விலையுண்டு. அதனை யான் செலுத்தாவிடில் அடுத்த வீட்டுக் குழந்தை செலுத்தும். அவ்வாண்டு அக்குழந்தை என் மகளாயிருந்தமையாற்றான் இதனைக் கற்றேன்.