எத்தனை கிலோ?

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் வரதமாநதி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், ஒவ்வொரு பள்ளத்திலும் என் வண்டியின் பின்பக்கம் 'டங்' என்று இடிக்கும். இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். அது இடுப்பில் ஏறிக் கழுத்தில் போய் நிற்கும். இரண்டு வருடம் அந்தச் சத்தத்தோடுதான் ஓட்டினேன். காரணம் எனக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் குண்டு, அவ்வளவுதான்.

ஒரே ஒருமுறை அடிவாரத்தில் ஒரு பட்டறையில் கேட்டேன். மெக்கானிக் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வெயிட்டக் குறைங்க மேடம், தானா சரியாயிரும்" என்றார். என் சித்தப்பா மகன் என்னைவிடப் பத்து கிலோ கூடுதல். அவன் வண்டியிலும் இதே சத்தம் வந்தது. அதே பட்டறையில், அதே ஆள், கொக்கி ஸ்பேனரை மாட்டி ஷாக்கை இரண்டு படி ஏற்றிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. அவனிடம் யாரும் சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை.

எனக்கு வழி பிறந்தது பூம்பாறையில். வேலை நிமித்தம் மாதம் இருமுறை மேல்மலைக்குப் போகிறவள் நான். அங்கே பூண்டும் கேரட்டும் மூட்டை மூட்டையாக மோட்டார் சைக்கிளில்தான் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரும். (2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த மலைப்பூண்டு.) மூட்டை ஏற்றுகிற வண்டிகளுக்கு ஷாக் வைத்துக் கொடுத்தே பழகிய ஒரு தம்பி அங்கே ஷெட் வைத்திருக்கிறார். மூட்டைக்குக் கேட்கிற மாதிரியேதான் என்னையும் கேட்டார்.

"எத்தன கிலோக்கா?"

"எண்பது" என்றேன்.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டார். அச்சு நட்டிலிருந்து மட்கார்டில் போட்ட பென்சில் கோடு வரை இன்ச் டேப் வைத்தார். பிறகு வண்டியை இறக்கி, ஒரு பையனை முன்னால் ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லி, என்னை ஹெல்மெட், ஜாக்கெட், முதுகுப் பையோடு ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைக்கச் சொன்னார். மறுபடி டேப். அளவைப் பார்த்தவர் நிமிர்ந்து, "எண்பதுக்கு இவ்வளவு எறங்காதேக்கா" என்றார்.

அவர் குரலில் கேலி இல்லை, கணக்கு உதைக்கிறது என்பதுதான் கவலை. டாக்டரிடம், தையல்காரம்மாவிடம், கல்யாணத் தரகரிடம் எல்லாம் சொன்ன பொய் ஒரு ஸ்பிரிங்கிடம் செல்லவில்லை. "தொண்ணூத்தி நாலு" என்றேன். "பை, ஹெல்மெட்டு எல்லாம் சேர்த்து?" "நூத்தி ரெண்டு வரும்." தலையாட்டிவிட்டு டேப்பைச் சுருட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை.

என் வண்டியின் பின் ஷாக்குக்கு மொத்த ஓட்டமே 80 மி.மீ. ஆள் ஏறி உட்கார்ந்தாலே கொஞ்சம் அமுங்கத்தான் வேண்டும். ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக அமுங்கினால் நல்லது. நான் உட்கார்ந்ததும் 52 மி.மீ. போய்விட்டது. பள்ளத்துக்கு மிச்சம் 28. அது தீர்ந்ததும்தான் 'டங்'.

சத்தம் மட்டுமில்லை. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும், ஹேண்டில் மந்தமாகும். கொண்டை ஊசி வளைவில் வண்டி உள்ளே மடங்காமல் அகலமாக வெளிப்பக்கம் ஓடும். மலையில் வெளிப்பக்கம் என்றால் பள்ளத்தாக்கு, அல்லது எதிரே வருகிற பஸ். நான் இதைப் பயம் என்று நினைத்திருந்தேன், பொம்பளைக்கு வளைவு வராது என்று சொல்பவர்களை உள்ளூர நம்பியும் இருந்தேன். பெருமாள்மலைப் பக்கம் மூடுபனி இறங்கினால் என் ஹெட்லைட் தார்ரோட்டில் விழாமல் பனிச்சுவரில் விழுந்து கண்ணைக் குருடாக்கும். அதுவும் இதே 52 மி.மீ.தான்.

தம்பி கொக்கி ஸ்பேனரால் முதல் படியிலிருந்து கடைசியான ஐந்தாம் படிக்கு ஏற்றினார். அந்த மேல் படிகளைப் பற்றிக் கேட்டால், 'பின்னால ஆள் இருந்தா வைக்கிறது' என்பார்கள். மோட்டார் சைக்கிளின் கணக்கில் பெண்ணின் எடைக்கு இடம் இருக்கிறது. பின்சீட்டில்.

அமுங்கல் 34 மி.மீ. ஆனது. எனக்கு அதுவே சந்தோஷம். அவருக்குத் திருப்தியில்லை. என்னை இறங்கச் சொல்லி வெறும் வண்டியை அளந்தார். 2 மி.மீ.கூடச் சரியாக அமுங்கவில்லை. படியை ஏற்றுவதால் ஸ்பிரிங் வலுவாகிவிடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதே ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி நிறுத்துகிறோம், அவ்வளவுதான். ஆளோடு சரியாக நின்று, ஆளில்லாமல் துளியும் அமுங்காத வண்டியில் ஸ்பிரிங்கே மெலிது என்று அர்த்தம். நெருக்கி நெருக்கி எவ்வளவு தூரம்தான் சமாளிப்பது? அடுத்த முறைக்குத் தடித்த கம்பி ஸ்பிரிங்கும் அதன் உதைப்பை அடக்குகிற அளவுக்கு உள் எண்ணெய்ப் பிடிமானமும் உள்ள ஒரு ஜோடி ஷாக்கை வரவழைத்தார். இரண்டாம் படியில் நான் ஏறினால் 28 மி.மீ., வெறும் வண்டிக்கு 5. டயரில் காற்றும் கொஞ்சம் கூட்டினோம்.

புதுச் சிக்கல் ஒன்று வந்தது. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வண்டி தொய்ந்து கிடந்தவரை பாதி உள்ளங்கால் தரையில் ஊன்றும். இப்போது சீட்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து, விரல் நுனிதான் எட்டியது. சரிவான வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட நின்றால் விழுவேன். கனத்த ஓட்டுநருக்கு யோசனை சொல்கிற எல்லோருமே, கனமானவர் உயரமாகவும் இருப்பார் என்று முடிவு செய்துகொண்டுதான் பேசுகிறார்கள். குட்டையான கனத்த உடம்பு யார் மனத்திலும் இல்லை. இயந்திரம் நம் அளவுக்கு வராதபோது நாம்தான் அதை வளைக்க வேண்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்ற புதுக்கோட்டைப் பெண்களில் பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. நான் சீட் கவர் கடைக்குப் போய் ஃபோமில் இரண்டு சென்டிமீட்டர் செதுக்கி, தொடை படுகிற முன் ஓரங்களை ஒடுக்கச் சொன்னேன். வண்டி சாய்ந்த ரோட்டில் நின்றால் மேட்டுப் பக்கக் காலை ஊன்றவும் பழகினேன்.

ஹெட்லைட்டைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும், ஷாக்குக்கு முன்னால் திருப்பினால் வீண்வேலை. ஷெட் சுவருக்கு எதிரே, சமதளத்தில், நான் ஏறி உட்கார்ந்த பிறகு வைத்தார்.

முன் ஃபோர்க்கில் இன்னும் பழைய ஸ்பிரிங்தான். பழனிக்கு இறங்கும்போது, சவரிக்காடு பக்கம் பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்துகிறது. "பூண்டு எடுப்பு முடியட்டும்க்கா, அதையும் பாத்துருவோம்" என்றிருக்கிறார் தம்பி. எடை மாறியிருந்தால் சொல்லச் சொன்னார். மாறவில்லை.