ரோமுக்கு எந்த லென்ஸ்?

அடுத்த மாதம் ரோம், ஃபிளாரன்ஸ் போகிறேன். மூன்று நாளாக லென்ஸ்களைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்து, நேற்று இரவுதான் முடிவுக்கு வந்தேன். 16-35 ஒன்று, 50 எம்.எம். 1.8 ஒன்று. 70-200 வீட்டிலேயே இருக்கட்டும். அந்தக் கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கல் பாவிய தெருக்களில் நாள் முழுக்க நடக்க என்னால் ஆகாது.

ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடம் புருனெல்லெஸ்கி கட்டியது, 1436-இல் முடிந்தது. சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கி நிற்பதால் பின்னால் நகர்ந்து எடுக்க இடமில்லை. 24 எம்.எம். கூடப் பற்றாது. ஆனால் அகலக்கோண லென்ஸை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் உள்பக்கம் சாய்ந்துவிடும். கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே கூடுதலாக விழும் தரையைப் பிறகு வெட்டிவிடுவதே என் வழக்கம்.

ரோமில் பாந்தியனுக்குள் சங்கதி வேறு. சுமார் 43 மீட்டர் விட்டமுள்ள கூரை, வெளிச்சம் பெரும்பாலும் உச்சியில் திறந்திருக்கும் வட்டத்தின் வழியாகத்தான். அந்த ஒளி சுவரில் மெல்ல நகர்வதைப் பார்க்கவே ரோமுக்குப் போகிறேன். அந்த அரையிருட்டில், முக்காலி இல்லாமல், அண்ணாந்து நிற்கும் ஒரு முகத்தை எடுக்க 1.8 வேண்டும்.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள், அங்கே எந்நேரம் கூட்டம் குறைவு?