பலகையும் பகுப்பும்

எமது கலைப்பீடச் சிற்றுண்டிச்சாலை வாயிலில் ஒரு பலகை உண்டு. விளையாட்டுப் பிரியர்கள் பத்திரிகைத் துணுக்குகளையும் தம் அபிப்பிராயங்களையும் அதில் ஒட்டுவர். தாளின்மேல் தாள் ஒட்டப்பட்டு எதனையும் தேடிக் கண்டுகொள்ள இயலாமற் போகவே, அதனைப் பகுதிகளாகப் பிரித்தமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நூலகத்திற் பொழுது போக்குபவன் என்பதால் மகிழ்வுடனேயே ஏற்றேன். துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டிகள், பிற என நான்கு தலைப்புகள் எழுதினேன்.

முதல் நாளே இடர் தோன்றியது. முத்தையா முரளிதரனைப் பற்றி ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். 1995 டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயர் அவரது பந்துவீச்சை எறிதல் என ஏழு தடவை அறிவித்தமை, முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் எனப் பின்னர் விதி திருத்தப்பட்டமை, 2010 யூலையிற் காலியில் 800ஆவது விக்கெட்டுடன் அவர் விடைபெற்றமை யாவும் அதில் இருந்தன. இது விளையாட்டா, சட்டமா, உடலியலா? அவரது மலையகப் பின்னணி பற்றிய பத்தியை எங்கே வைப்பது? துடுப்பாட்டத்தின் கீழ் ஒட்டினேன். அதற்கு வந்த மறுமொழிகளில் ஒன்றேனும் துடுப்பாட்டம் பற்றியதன்று!

இவ்வாறான சிக்கல்களை நான் உள்ளூர இரசித்தேன் என்றே சொல்லவேண்டும். நான் எதிர்பாராதது வேறொன்று.

சிங்கப்பூரில் 2018இல் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டச் சாம்பியனானபோது கோல்களைக் குவித்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி, யாழ்ப்பாணத்துச் சகமாணவி ஒருவர் எழுதித் தந்திருந்தார். அதனைப் 'பிற' என்பதன் கீழ், வலது மூலையில் ஒட்டியிருந்தேன். மறுநாள் அவர் என்னைப் பலகைக்கு அழைத்துச் சென்றார்.

"இந்தப் 'பிற'வுக்குள்ள ஆரெல்லாம் இருக்கினம் எண்டு பார்த்தனீரோ?"

பார்த்தேன். வலைப்பந்தாட்டம், எல்லே, சதுரங்கம். நாட்டின் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டங்கூட அங்கேதான். மெய்வல்லுநர் போட்டிகளை விடுத்தால், பெண்களைப் பற்றிய தாள்கள் அனைத்தும் அம்மூலையிலேயே இருந்தன. டூயி தசமப் பகுப்பில் துடுப்பாட்டத்துக்கு 796.358 என்ற எண் உண்டெனில், கூடைப்பந்தாட்டத்தை அடுத்து வலைப்பந்தாட்டத்துக்கும் 796.324 என்ற சொந்த எண் உண்டு. அத்தட்டை நாள்தோறும் கடப்பவன் நான்.

எனினும் வாதாடினேன். துணுக்குகள் குறைவு, குறைந்தவற்றுக்குத் தனித்தலைப்பு எதற்கு என்றேன்.

"மூலையில ஒட்டினா ஆர் எழுதுவினம்?" என்றார் அவர்.

விடையில்லை. அடுத்த வாரம் 'பிற' என்ற தாளைக் கிழித்துவிட்டு, வலைப்பந்தாட்டத்தையும் கரப்பந்தாட்டத்தையும் மேல்வரிசைக்குக் கொணர்ந்தேன். அதன்பின் மூன்று மாணவிகள் எழுதியுள்ளனர். துடுப்பாட்ட அன்பர் ஒருவர் தமது இடம் சுருங்கிவிட்டதென முறையிட்டார். நியாயமே, பலகை நான்கடி அகலந்தான். சதுரங்கத் துணுக்கிற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அது என் குறிப்புக் கொப்பியினுள் இருக்கின்றது.