மடித்த கை

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலம். அறிவியல் மன்ற மாணவர்கள் தாள்குழலும் மென்மரத் துடுப்புகளும் கொண்டு மாதிரி ஏவூர்தி ஒன்றைச் செய்திருந்தனர். அதற்காக மூன்று வாரம் உழைத்த பதினோராம் வகுப்பு மாணவன், ஏவும் நாளன்று ஏவுமேடையைச் சரிசெய்துகொண்டிருந்தான். வான்குடையை மடித்து வைக்கும் பணி என்னிடம் வந்தது.

“ஐயா, நெகிழித்தாள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க முகப்பவுடர் தூவுங்கள். கயிறுகளைத் தளர்வாகச் சுற்றுங்கள். குழலுக்குள் அது வழுக்கி இறங்க வேண்டும், திணிக்கக் கூடாது” என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். ஏவூர்தி உச்சியை நெருங்கும்போது சிறிதளவு வெடிமருந்து எரிந்து, அதன் வாயு கூம்பு முகப்பையும் வான்குடையையும் வெளியே தள்ளும். வெப்பம் வான்குடையை உருக்காதிருக்க, அதன் அடியில் தீப்பற்றாத தாள் வைக்க வேண்டும்.

தாளை வைத்தேன். ஆனால், கூட்டம் காத்திருந்ததால் அவசரப்பட்டேன். பவுடர் தூவவில்லை, கயிறுகளை இறுகச் சுற்றி, விரலால் அழுத்தித் திணித்தேன்.

ஏவூர்தி சீறி எழுந்தது, அனைவரும் கைதட்டினோம். உச்சியில் சிறு புகை தோன்றியது. வான்குடை வெளிவந்தது, விரியவில்லை. ஆளில்லாத திடலோரத்தில் ஏவூர்தி விழுந்து நொறுங்கியது.

“கயிற்றை நான்தான் சரியாகக் கட்டவில்லை போலும், ஐயா” என்றான் அவன். நான் பேசாது நின்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1967 ஏப்ரல் 24 அன்று சோயூஸ்-1 விண்கலத்தில் திரும்பிய விளாதிமிர் கொமரோவ் நினைவுக்கு வந்தார். முதன்மை வான்குடை தன் பெட்டியைவிட்டு வெளிவரவில்லை. மாற்று வான்குடையும் சிக்கிக்கொண்டது. அவர் உயிரிழந்தார். அப்பேரிழப்போடு எங்கள் தாள்குழலை ஒப்பிடல் தகாது. எனினும், வான்குடையை நம்பி மேலே அனுப்பிவிட்டபின் அதைத் திறந்து திருத்த இயலாது என்பது இரண்டிற்கும் பொது. எப்படி மடித்தோம் என்பதை மடித்த கை மட்டுமே அறியும். அக்கைக்கு உரியவன் வாய் திறக்காவிடில் பழி வேறொருவர்மேல் விழும்.

மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் என் பிழையைச் சொன்னேன். அம்மாணவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, புதிய வான்குடையையும் பவுடர் டப்பாவையும் என் மேசைமேல் வைத்தான்.

“அப்படியானால் இதையும் நீங்களே மடியுங்கள், ஐயா.”

மடித்தேன், குழலை ஊதிப் பார்த்தேன், மனம் ஒப்பாமல் மீண்டும் மடித்தேன். அடுத்த வாரம் ஏவூர்தி எழுந்தபோது மாணவர்கள் கைதட்டினர். நான் தட்டவில்லை, வான்குடை விரியும்வரை வானையே பார்த்து நின்றேன். விரிந்தது.