வெட்டி வைப்பதா, மடித்து வைப்பதா?

சிரஞ்சீவி வசந்தாவுக்கு,

ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதும், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பெட்டி பெட்டியாகத் துண்டுத்துணி சேர்ந்துவிட்டது என்பதும், அவற்றை இப்போதே அளவாக வெட்டி அடுக்குவதா அல்லது இருக்கிறபடி மடித்துவைத்து வேண்டியபோது வெட்டிக்கொள்வதா என்று நீ குழம்பிக்கொண்டிருக்கிறாய் என்பதும் உன் கடிதத்தால் தெரிந்தன. இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் முந்நூறு வருஷத்துச் சரித்திரம் இருப்பதாலும், அதில் நம்முடைய கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டென்பதாலும், தையல் டீச்சராக இருந்தவளின் பழக்கம் விடாமல் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு முதலான சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய சீட்டித்துணி, எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாத தன் குணத்தால் ஐரோப்பாவையே மயக்கிவிட்டது. தங்கள் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று பிரான்ஸ் 1686-இலும், இங்கிலாந்து 1700-இலும், பின்னும் கடுமையாக 1721-இலும் தடைச்சட்டம் போட்டன. இங்கிலாந்தில் அந்தத் தடை நீங்க 1774 ஆயிற்று. அவ்வளவு அபூர்வமான சரக்காகையால், கிழிந்த உடுப்பில் எஞ்சிய ஒற்றைப் பூவைக்கூட அங்கிருந்த பெண்கள் எறியவில்லை. அதை விளிம்போடு கத்தரித்து வெறுந்துணியின்மேல் பதித்துத் தைத்துக்கொண்டார்கள். வட இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில், ஏறத்தாழ 1708-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சீட்டித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததாகச் சொல்லப்படும் போர்வை இன்றும் இருக்கிறது. 1718 என்று ஆண்டு தைக்கப்பட்ட பட்டுப் போர்வை ஒன்றும் அந்நாட்டில் உண்டு. அதன் அடியில், துணியை மடித்துப் பிடிக்க வைத்த காகித அச்சுகள் இன்னும் எடுக்கப்படாமலே இருக்கின்றன. இதைக் கொஞ்சம் கவனி: அவர்கள் முதலில் அளவு பிசகாமல் வெட்டியது காகிதத்தைத்தான், துணியை அதைவிடச் சற்றுப் பெரிதாக, எந்தக் கோணலில் கிடைத்ததோ அந்தக் கோணலிலேயே எடுத்துக் காகிதத்தின்மேல் மடித்து நூலோட்டினார்கள். துணி அருமையாக இருந்த காலத்தில் அதை முன்கூட்டி அளவாக்கி வைக்க எவளுக்கும் மனம் வந்திராது.

அமெரிக்காவிலும் நெடுங்காலம் இந்தக் கதைதான். 1860-களுக்குப் பிறகு பரவிய மரக்கட்டை வீட்டுக் கோலத்தில், நடுவில் ஒரு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றி நாடாத்துண்டுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அகலம் ஒன்றாயிருந்தால் போதும், நீளம் எதுவானாலும் ஆகும் என்னும் இந்தச் சௌகரியத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் மாவும் கோழித்தீவனமும் பூப்போட்ட பருத்திச் சாக்குகளில் விற்கப்பட்டன. நூறு பவுண்டு சாக்கின் தையலைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்று மேலான துணி; பிரித்த நூலைக்கூட உருண்டையாகச் சுற்றி வைப்பார்களாம். கவுனுக்கு வெட்டியது போக மிஞ்சியது போர்வைக்கு. நீ குடியிருக்கும் ஊரின் கான்சாஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகையே 1928 முதல் 1961 வரை ஒட்டுப்போர்வைக் கோலங்களை வெளியிட்டு வந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தவர்கள் அலபாமா மாகாணத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஆற்றுவளைவில் வாழும் கறுப்பினப் பெண்கள். அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியினரான இவர்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டையையும் சட்டையையும் கிழித்து, முழங்கால் பக்கத்தில் வெளுத்தது வெளுத்தபடியே, பையை அவிழ்த்த இடம் கருத்தது கருத்தபடியே சேர்த்துத் தைத்தார்கள். அளவுகோலுக்குத் துணி அடங்கவில்லை, துணி போன வழியில் போர்வை போயிற்று. 1972-இல் சியர்ஸ் கம்பெனிக்காகக் கார்டுராய் தலையணையுறை தைக்கும் ஒப்பந்தம் வந்தபோது, அதில் கழித்த துண்டுகள் அப்படியே ஊர்ப் போர்வைகளில் ஏறிவிட்டன. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் அவற்றைச் சுவரில் மாட்டியபோது விமரிசகர்கள் பிரமித்துப் போனார்களாம். பிரமிக்கத் தக்கவையே, ஆயினும் குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்ததை ஓவியம் என்று சொன்னால்தான் கௌரவம் என்பது எனக்கு ஏற்பில்லை.

அப்படியானால் பெட்டி பெட்டியாக முன்கூட்டி வெட்டி அடுக்கும் வழக்கம் எப்போது வந்தது என்று கேட்பாய். 1979-இல் ஜப்பானிய ஓல்ஃபா கம்பெனி வட்டக்கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது பெருகியது. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டியது போய், நாலைந்து மடிப்பை ஒரே இழுப்பில் அளவுகோலோரமாக வெட்டலாம் என்று ஆனதும், துணி மலிந்து நேரம் சுருங்கிய வீடுகளில், மிச்சம் பிடிக்கவேண்டிய பொருள் துணியிலிருந்து நேரத்துக்கு மாறிவிட்டது. இப்போது இரண்டரை அங்குல நாடாக்களாக வெட்டிச் சுருட்டியே கடையில் விற்கிறார்கள்.

ஆகையால் என் அபிப்பிராயம் இது. கால் கஜத்துக்கு மேற்பட்டதை வெட்டாதே, மடித்து வை. வெட்டிய துணி மறுபடி ஒட்டாது. நாளைக்கு ஐந்தங்குல இலை ஒன்று வேண்டுமென்றால் இரண்டரை அங்குலச் சதுரங்களை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? கால் கஜத்துக்குக் குறைந்தவற்றை மட்டும், கரைக்கு இணையாக நேர்வாட்டில், அந்தத் துண்டு கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய அகலத்துக்கு நாடாவாக வெட்டு. ஒன்றரை, இரண்டரை, நாலரை அங்குலம் என்ற மூன்று அகலம் போதும். இரண்டரை அங்குலச் சதுரம் இரண்டைக் கால் அங்குலத் தையல் விட்டு இணைத்தால் நாலரை அங்குலம் வரும்; ஆக ஒரு பெட்டியிலுள்ளது இன்னொரு பெட்டியிலுள்ளதோடு பொருந்தும். சதுரமாக்குவதைத் தைக்கும் நாளுக்கு விட்டுவிடு. நாடாவாக இருந்தால் மரக்கட்டை வீட்டுக்கும் ஆகும், சதுரத்துக்கும் ஆகும். கிராஸாக வெட்டியது இழுத்தால் நீளும். அதைத் தனியே வை. முக்கோணமாக எதையும் முன்னால் வெட்டாதே.

வைக்கும் விஷயத்தில் நிறவாரியாகப் பிரிப்பதைவிட அகலவாரியாகப் பிரிப்பதே மேல். அலசிக் காயவைத்து, கஞ்சி போடாமல் வை. கஞ்சிக்குப் புத்தகப்பூச்சி வரும். வெயில் படும் அலமாரியில் மடிப்போரம் கோடுகோடாக வெளுத்துப்போகும். மரப்பலகையில் நேரடியாகத் துணி படவேண்டாம்; பழைய வேட்டியை விரித்துக்கொள். குண்டூசி ஒன்றும் உள்ளே தங்கக்கூடாது, துரு அந்த இடத்தைத் தின்றுவிடும். சீட்டித்துணியின் கறுப்புக்கோடு கடுக்காயும் இரும்பும் சேர்ந்து உண்டானது. பழைய போர்வைகளில் பூ பளிச்சென்றிருக்க, அந்தக் கோடு மட்டும் இற்று உதிர்ந்திருப்பதற்கு அந்த இரும்புதான் காரணம். எனவே பழைய துணி எங்கேயாவது வாங்கினால் கறுப்பையும் கரும்பழுப்பையும் விரலால் தடவிப் பார்த்து வாங்கு.

ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்த சிம்புகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். தலையணைக்குள் அடைத்துவிடு.

அடுத்த மாதம் அங்கே வரும் உன் அத்தையிடம், உன் அம்மா கட்டிக் கிழிந்த இரண்டு சுங்குடிப் புடவைகளைக் கொடுத்தனுப்புகிறேன். முந்தானை நன்றாகவே இருக்கிறது. கத்தரிப்பூ நிறத்துப் புடவையின் சாயம் ஒட்டும். தண்ணீரில் தனியே அலசி, வெள்ளைத்துணி ஒன்றோடு ஒருநாள் ஈரமாக வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்.

இப்படிக்கு
உன் சித்தி