மீன் கிடைத்தால் என்ன செய்வது?

படகு வாங்கிய அன்று வீட்டில் யாரும் பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை. நாலரை மீட்டர் அலுமினியப் படகு, 40 குதிரைத்திறன் மோட்டார், கீழே இரண்டு சக்கர ட்ரெய்லர். எல்லாம் பழையவை, விலை மலிவு. மெல்பர்னின் மேற்குப் புறநகரில் அவர்கள் வீட்டு வாசலில் அது வந்து நின்றதும், 12 வயது மகள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டாள்.

முதல் சனிக்கிழமை, சாமான்களை ஏற்றிக்கொண்டு வெரிபி சவுத் படகுத்துறைக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒரு சிக்னல் மஞ்சளுக்கு மாற, அவர் பிரேக்கை மிதித்தார். கார் உடனே நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, பாதி கார் நீளம் போய்த்தான் நின்றது.

"யாரோ பின்னாடியிருந்து தள்ளுன மாதிரி இருந்துச்சுங்க" என்றார் மனைவி.

"படகுதான். பழகிடும்" என்றார் அவர். ஆனால், துறைவரை மெதுவாகவே ஓட்டினார்.

அன்று மாலை, விற்றவருக்குப் போன் போட்டார். 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் தேவையில்லை, சட்டமே அப்படித்தான் என்று பதில் வந்தது. அது பொய்யில்லை. ஆஸ்திரேலியாவில் ஒற்றை அச்சு ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டாவிட்டால் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சின் இரு சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். கூடவே, ட்ரெய்லர் காரிலிருந்து கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியும் வேண்டும்.

ட்ரெய்லரின் தகட்டில் இரண்டு எண்கள் இருந்தன. ஜி.டி.எம். 749, ஏ.டி.எம். 820.

"ஏ.டி.எம்.னு போட்டிருக்கே, இதுல காசு வருமாப்பா?" என்றாள் மகள்.

"வராது, போகும்" என்றார் அம்மா.

முதல் எண், காரில் மாட்டியிருக்கும்போது ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கக்கூடிய அளவு. இரண்டாவது, சுமையோடு சேர்த்து ட்ரெய்லரின் மொத்த எடைக்கான உச்ச வரம்பு. இரண்டும் ஒன்றல்ல. எடையில் ஒரு பங்கைக் காரின் கொக்கி தாங்கிக்கொள்கிறது.

மறுவாரம், பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனார்கள். காரில் மாட்டியபடி ட்ரெய்லர் சக்கரங்களை மட்டும் நிறுத்தியபோது 725 கிலோ. கழற்றி முழுதாக நிறுத்தியபோது 790.

"பார்த்தியா, 725தான். சட்டப்படி சரி" என்றார் அவர், நிம்மதியாக.

மனைவி அதற்குள் காரின் கையேட்டைப் புரட்டியிருந்தார். "பிரேக் இல்லாத ட்ரெய்லர்னா இந்தக் கார் 750 கிலோதான் இழுக்கலாமாம். அது மொத்த எடைங்க. நம்மளோடது 790."

ட்ரெய்லர் பாஸ், கார் ஃபெயில். காருக்கு நிறுவனம் விதித்த வரம்பைத் தாண்டி இழுப்பதும் விதிமீறல்தான். விபத்து என்றால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

பிரேக் பொருத்தும் செலவு, படகு வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அவர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஐஸ்பெட்டியையும் நங்கூரத்தையும் கார் டிக்கியில் வைத்துவிட்டு, பெட்ரோலையும் குறைத்தால் 745 வந்தது.

"அஞ்சு கிலோ மிச்சம்!"

"போகும்போது சரி. வரும்போது கயிறெல்லாம் நனைஞ்சிருக்கும், படகுல தண்ணி தேங்கியிருக்கும். மீன் வேற இருக்கும்."

அவர் பேசாமல் இருந்தார்.

"மீன் கிடைக்காதுன்னு நம்பித்தானே இந்தக் கணக்கைப் போட்டிருக்கீங்க?"

மகள் சிரித்துவிட்டாள். அவரும் காகிதத்தை மடித்துவிட்டார். உண்மையில், அந்த சிக்னலை அவராலும் மறக்க முடியவில்லை. அன்று கோட்டுக்கு அப்பால் யாரும் நடந்துகொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக் 'ஓவர்ரைடு' பிரேக்கைப் பரிந்துரைத்தார். கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டுமல்லவா, அந்தத் தள்ளும் விசையே அதன் சக்கரங்களில் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். மின்சாரம் தேவையில்லை. 2,000 கிலோ வரை இதற்கு அனுமதி உண்டு. ஆனால், உப்புத் தண்ணீர் பிரேக்குக்கு எதிரி. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் இறக்கவும் கூடாது. சூடான பேரிங் குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்த பயணத்தில் அதே சிக்னல், அதே மஞ்சள். கார் கோட்டுக்கு முன்பே நின்றது. அவர் பெருமையோடு பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று கிடைத்தது ஒரே ஒரு ஸ்நாப்பர். விக்டோரியா மாநிலத்தில் 28 சென்டிமீட்டராவது இருந்தால்தான் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அளந்து பார்த்துவிட்டு, மகளே அதைக் கடலில் விட்டாள். வீடு திரும்பியதும், யாரும் சொல்லாமலே குழாயைத் திறந்து ட்ரெய்லர் சக்கரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.