அழுகைக் கோச்சியில் ஏறியவர்கள் எப்போது வந்து சேர்ந்தார்கள்?

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத் தலைநகரம்தான், ஆனால் இன்றுவரை அங்கே ரயில் நிலையம் கிடையாது. எங்களுக்கு ரயில் என்றால் அரியலூர். தேர்வுக்கோ வேலை தேடியோ சென்னை போகும்போதெல்லாம் பஸ் பிடித்து அரியலூர் போய் பிளாட்பாரத்தில் காத்துக் கிடப்போம். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் கூட வந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள். எங்கள் அப்பாயி மட்டும் சிரிப்பார். "ரெண்டு மணி நேரந்தானே சாமி. நாங்க ஏறுன கோச்சி எப்ப வந்து சேந்துச்சுன்னு தெரியுமா?"

கோச்சி என்றால் மலையகத் தமிழில் ரயில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர். ஏறியவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். 1974இல் அப்பாயியும் தாத்தாவும் எங்கள் அப்பாவும் அதில்தான் வந்தார்கள். அப்போது அப்பாவுக்கு 14 வயது.

ஆனால் இந்தப் பயணம் 1974இல் தொடங்கியதல்ல. கொள்ளுத்தாத்தா 1920களில் கங்காணி பின்னால் கிளம்பியவர். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். போட் மெயில் என்று பெருமையாகச் சொல்வார்கள். துரைமாரும் வியாபாரிகளும் அப்படிப் போனார்கள். தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, காலராவுக்கும் அம்மைக்கும் பயந்து நாள்கணக்கில் அடைத்துவைத்து, சோதித்து அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதற்குப் பிறகு நடந்ததில் எங்கள் அரியலூருக்கு ஒரு தொடர்பு உண்டு.

1956 நவம்பர் 23 விடியற்காலை, வெள்ளத்தில் அரித்துப்போன மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். அதே சாஸ்திரி பிரதமராகி, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம் போட்டார். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பங்கு பிரித்த இடத்தில் அந்த மக்கள் இல்லை. ரயில் கவிழ்ந்ததற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். ஐந்தே கால் லட்சம் பேரைக் கணக்குப் போட்டு ரயிலேற்றியதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அதனால் எங்கள் ஆட்கள் வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில். பெயர் பதிந்து, அட்டை கிடைத்து, சேமலாப நிதி கைக்கு வந்து, கப்பலுக்குத் தேதி விழ வருடக்கணக்கில் ஆனது. அதற்குள் 1973, 74 பஞ்சம் தோட்டங்களைப் பிடித்தது. ஹட்டனில் ஏறி, அனுராதபுரம் வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். மாமனாரை அடைத்துவைத்த அதே மண்டபத்தில் மருமகள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார். பிறகு திருச்சிக்கு ரயில், பஸ், நடை. ஊர் வந்து சேர்ந்தபோது நடு ராத்திரி.

மறுநாள் காலை தாத்தாவும் அப்பாயியும் கடைக்குப் போய் தேத்தண்ணி கேட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். இவர்களுக்கு வெளியே மாட்டியிருந்த அலுமினியக் குவளை. இருபது வருடம் கொழுந்து பறித்த கை அப்பாயியுடையது. "தோட்டத்துல சாதி இல்லையா அப்பாயி?" என்று கேட்டிருக்கிறோம். "இல்லாம என்ன. பெரிய கங்காணி எந்த சாதி, கடைசி லயத்துல இருக்கிறவன் எந்த சாதின்னு தெரியும். ஆனா தேத்தண்ணிக்குக் குவளை மாத்தி நான் பாத்ததில்ல" என்றார்.

எங்கள் அக்காவுக்குக் கல்லூரிச் சேர்க்கை 2003இல். சாதிச் சான்று கேட்டுப் போனோம். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம், இருந்த அதிகாரிகளும் மாறிப் போனார்கள். "அப்பா பிறந்தது இலங்கையில். இங்கே எப்படிச் சான்று தருவது?" என்றார்கள். பூர்வீக ஊருக்கு ஆதாரம் கேட்டார்கள். அட்டையில் திருச்சி மாவட்டம் என்று இருந்தது. 1995இல் அது பெரம்பலூர் மாவட்டம் ஆனது, 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் மறுபடி சேர்ந்தது. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டியது. 14 மாதம் கழித்துச் சான்று வந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. அக்கா கேட்ட படிப்பு அக்காவுக்குக் கிடைக்கவே இல்லை.

டீக்கடைக்காரருக்கு எங்கள் சாதியைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. எந்த ஆதாரமும் கேட்கவில்லை. அரசாங்கத்துக்கு 14 மாதம் தேவைப்பட்டது. ஒதுக்குவதற்குத் தேவைப்படாத சான்று, உரிமை தருவதற்கு மட்டும் தேவைப்படுகிறது. தாமதம் தற்செயலாக நடப்பது என்று இனி நாங்கள் நம்பமாட்டோம். யாரைக் காக்க வைக்கலாம் என்பதை இந்தச் சமூகம் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது.

தோழர்களே, உங்கள் ஊர்க் காலனியிலும் 'சிலோன்காரர் வீடு' என்று ஒன்று இருக்கும். போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், எந்தக் கப்பல் என்று கேட்டு எழுதி வையுங்கள். கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த காகிதம் எதுவானாலும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரும்போதே சான்றுக்கு விண்ணப்பிக்க உடன் போங்கள். இழுத்தடித்தால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாயி இப்போது இல்லை. அக்காவின் மகளுக்குச் சான்றிதழ் வாங்க இந்தத் தடவை நாங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே கிளம்பிவிட்டோம்.

ஜெய்பீம்!